முட்டைத் தட்டுக்குள் நாற்பது எழுத்து

திருகோணமலை,
22.11.2007

அன்புள்ள தம்பி சோமசேகரத்துக்கு,

பூரணிக்குக் கையெழுத்துக் கிடைத்துவிட்டது. போன திங்கட்கிழமை காலை, துறைமுக வாசல் கேற்றடியில், நேவிக்காரர் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, கோதுமைக் கப்பலின் இரண்டாம் எஞ்சினியர் ரமோன் அவளை நேரில் கண்டு, அடையாள அட்டையையும் பார்த்து, உங்கள் கூட்டத்தின் சட்டப்படி எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நீங்கள் ஆறுதலாக வாசிப்பீர்கள்.

நான் சுகம். கடையும் சுகம். நீங்களும் அந்த மழை ஊரில் நோய் நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆவில் உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்கிறேன்.

இதை ஈமெயிலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்குத் தட்டித் தருகிறவள் பூரணி. அவளுடைய கதையை அவளையே தட்டச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவாள், மீதிக்கு வெட்கப்படுவாள். அதனால் பேனையை எடுத்தேன். கடிதத்தை ரமோனிடம் கொடுத்துவிடுகிறேன். கப்பல் சனிக்கிழமை சிங்கப்பூருக்குப் போகிறது, அங்கே தபாலில் போடுவார். சிங்கப்பூர் முத்திரையைக் கண்டு ராத்தாவும் நாட்டைவிட்டு ஓடிவிட்டா என்று நினைக்க வேண்டாம். நான் ஓடினால் இந்தத் துறைமுகத்தில் கப்பல் குசினிகளுக்கு யார் தேசிக்காயும் மரக்கறியும் கொடுப்பது?

ஆகஸ்ட் மாதம் நீங்கள் எழுதிய மடலை நான் மறக்கவில்லை. மீன் தொழிற்சாலையில் இரண்டு நேர வேலை, வீட்டுக்கு வந்தால் கண் தன்பாட்டில் மூடுகிறது, கொம்பியூட்டரில் தமிழ் எழுத வைக்கிற இந்தத் தட்டச்சுப் பொதியை இனிக் கவனிக்க ஏலாது, டிசம்பரோடு விட்டுவிடுகிறேன் என்று நாலே வரி. கடையில் என் கருவாட்டுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே கொம்பியூட்டர் அறைக்கு மாடிப்படி ஏறின ஆள் இப்போது மீன் பெட்டி அடுக்குகிறார் என்று நான் சிரித்தேன். பூரணி சிரிக்கவில்லை. நீங்கள் விட்டால், கவனிக்க ஆளில்லாத பொதி என்று உங்கள் கூட்டத்தார் அடுத்த வெளியீட்டில் அதைத் தூக்கிவிடுவார்கள் என்றாள். தூக்கினால் என்ன என்று கேட்டேன். என்ன ராத்தா, அடுத்த முறை உங்கட நாலு மெஷினையும் புதுப்பிச்சால் ஒண்டிலயும் தமிழ் எழுத வராது, அவ்வளவுதான் என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெரு ஆமினா உம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். டோஹாவில் இருக்கிற மகனுக்கு வெள்ளிக்கிழமை தோறும் வந்து ஒரு மணித்தியாலம் இருந்து ஒரு விரலால் எட்டு வரி தட்டுவா. நான் தட்டித் தரட்டா என்று கேட்டால் முறைப்பா. என்ட கையால தட்டினாத்தான் மகள், அவனுக்கு உம்மா எழுதினதெண்டு விளங்கும் என்பா. இப்படி எட்டுப் பத்துப் பெண்கள். அவர்கள் தருகிற காசு கரண்டுக்குக்கூடக் காணாது, அது வேறு விஷயம். நீங்கள் அன்று பொருத்திவிட்டுப் போன நாலு மெஷினும் இந்த ஊரில் தமிழ் எழுதுகிற நாலு இடம். அதைச் சும்மா விட என்னால் ஏலாது.

பூரணியே அந்தப் பொதியைப் பொறுப்பெடுக்கட்டுமே என்று நான் கேட்டதும், நீங்கள் எழுதிய பதிலும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இதுவரை அவள் திருத்தம் செய்வாள், நீங்கள் பார்ப்பீர்கள், உங்கள் பெயரில் ஏற்றிவிடுவீர்கள். அவளே ஏற்றுவதென்றால், புரோகிராம்களைச் சேர்ந்து செய்து பொதுவில் விடுகிற உங்கள் கூட்டத்தில் உறுப்பினராக வேண்டும். அதற்கு ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் அவளை நேரில் காண வேண்டும், அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். கொம்பியூட்டரில் அவளுக்கென்று ஒரு சாவி இருக்கிறதாம். அந்தச் சாவிக்கு எழுத்தும் இலக்கமுமாக நாற்பது கொண்ட ஓர் அடையாளம். அந்த நாற்பதையும் அவளே தன் கையால் காகிதத்தில் கொண்டுவந்து நீட்ட, மற்றவர் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டுச் சரி பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். திரைக்குப் பின்னால் எவரும் எவர் பெயரிலும் இருக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு.

இரண்டு வருஷமாக அவளுடைய வேலையைப் பார்க்கிறீர்களே, நீங்களே வைத்துவிடுங்கள் என்றேன். நீங்கள் போனது 2006 சித்திரைக்குப் பிறகு, அவள் என் கடைக்கு வந்தது அந்த வருஷம் ஆவணியில். கண்ணால் காணாத ஆளுக்கு வைக்க ஏலாது ராத்தா, வைத்தால் நான் மற்றவர்களுக்கு வைத்ததற்கும் மதிப்பில்லாமல் போகும் என்று எழுதினீர்கள். இரண்டு வருஷம் என்று நான் கூட்டிச் சொன்னதையும், பதின்மூன்று மாதம் என்று திருத்தினீர்கள். எனக்குக் கோபம். மூன்று கிழமை உங்களுக்கு எழுதவில்லை. நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது.

பக்கத்தில் உள்ள உறுப்பினர் கொழும்பில். பூரணியின் அடையாள அட்டையில் விலாசம் இலங்கைத்துறை, சண்டை நடந்த பக்கம், கண்டால் பொலிஸ் சந்தேகப்படும். அதைக் கொண்டு இன்றைய நிலையில் கொழும்புக்குப் போய் அவள் எந்த லொட்ஜில் தங்குவது? அதை அவள் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டாள். நேரமில்லை என்றுதான் எழுதியிருப்பாள்.

இந்த இடத்தில் உங்களோடு ஒரு சண்டையும் பிடித்துவிட்டுப் போகிறேன். அவள் என் கடைக்கு முதலில் வந்தது, காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு விண்ணப்பம் அனுப்ப. கூட்டுறவுச் சங்கத்தில் பன்னிரண்டு வருஷம் தட்டச்சு வேலை பார்த்தவள், முப்பத்தாறு வயது, ஊரை விட்டு வெளிக்கிட்டு மாமி வீட்டில் இருக்கிறாள். விண்ணப்பத்தில் ஓர் எழுத்தை அழித்தால் முன்னால் இருக்கிற எழுத்தும் சேர்ந்து அழிகிறது என்று கண்டாள். அண்ணன் பெயரைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள். நான் ஆறு மாதமாக அதைப் பார்த்துவிட்டு, அது அப்படித்தான் என்று இருந்தவள். அவள் அப்படி இருக்கவில்லை. திரையில் கீழே இருந்த உங்கள் ஈமெயில் விலாசத்துக்கு எழுதிவிட்டாள். நீங்கள், யாரும் திருத்தலாம், வேண்டுமானால் நீங்களே திருத்துங்கள் என்று பதில் போட்டீர்கள். அவளும் நம்பிவிட்டாள். கடை பூட்டும்வரை இருந்து படித்தாள். ஒரு மாதம் கழித்துத் தன் முதல் திருத்தத்தை அனுப்பினாள். உங்கள் பதில் ஒரு வரி. இது பொருந்தவில்லை, திரும்பச் செய்யவும்.

தம்பி, நான் முப்பது வருஷமாகச் சரக்கு வாங்குகிறவள். புதிதாய் வருகிற ஆள் முதல் பெட்டி மீனைக் கொண்டுவந்து இறக்கும்போது, அது எப்படி இருந்தாலும், ஐஸ் நல்லாய்ப் போட்டிருக்கிறாய், ஆனால் மீன் சின்னன், அடுத்த முறை இந்த அளவில் கொண்டு வா என்றுதான் சொல்வேன். பெட்டியை முகத்துக்கு நேரே திருப்பினால் அவன் அடுத்த நாள் வேறு மீன்வாடிக்குப் போய்விடுவான். நீங்கள் நாலு தரம் திருப்பினீர்கள். மூன்றாம் தரம் அவள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, உங்கட சோமசேகரம் ஒரு மனுஷனா மெஷினா ராத்தா என்று கேட்டாள். நல்ல மனுஷன்தான், ஆனால் கை கொடுக்கும்போது விரலை மட்டும் நீட்டுகிறவர் என்று சொன்னேன். ஐந்தாம் தரம் நீங்கள் ஏற்றீர்கள். அந்த அறிவிப்பில் அவள் பெயரும் போட்டிருந்தீர்கள். அன்று அவள் எனக்கும் ஆமினா உம்மாவுக்கும் ஆளுக்கொரு கோப்பை பிளேன்ரீ வாங்கித் தந்தாள். அதனால் உங்களைப் பாதி மன்னித்தேன்.

ரமோனைக் கண்டுபிடித்தது நீங்கள். அதற்கு நன்றி. உறுப்பினர் பட்டியலில் ஊர் என்ற இடத்தில் கடல் என்று போட்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர், அவருடைய கப்பல் நவம்பரில் திருகோணமலைக்குக் கோதுமை கொண்டு வருகிறது என்று நீங்கள் எழுதியபோது நான் கடைக்குள் சத்தம் போட்டுச் சிரித்தேன். அந்தக் கப்பலுக்கு மரக்கறியும் முட்டையும் ஏற்றுவது யார்? நான். இது இவ்வளவு சுகமாய் முடியும் என்று நினைத்ததுதான் என் பிழை.

கப்பல் 14ஆம் திகதி துறைமுகத்தில் கட்டியது. நான் துறைமுகப் பாஸோடு போய், குசினிக்காரரிடம் சாமானை எண்ணிக் கொடுத்துவிட்டு, ரமோனைக் கூப்பிடச் சொன்னேன். கட்டையான ஆள், காதில் பென்சில். பூரணியின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது, எங்கே எங்கே என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவளுக்கு உள்ளே வரப் பாஸ் கிடையாது, நீங்கள் கையெழுத்தை வையுங்கள், அவளுக்கு நான் பொறுப்பு என்றேன். அவர் என் இரண்டு கூடை கத்தரிக்காயையும் காட்டி, மேடம், காணாமல் வாங்கச் சொன்னால் நீங்கள் வாங்குவீர்களா என்று கேட்டார். வெளியே வாருங்கள் என்றேன். கப்பல்காரர் இறங்க அனுமதி இல்லை, வர முன்னமே கேட்டும் கிடைக்கவில்லை என்றார். அவள் உள்ளே வர ஏலாது. அவர் வெளியே வர ஏலாது. நடுவில் ஒரு கேற்.

இனி என் முட்டாள்தனத்தைக் கேளுங்கள்.

ஆளைக் கொண்டுபோக ஏலாது, சரி, காகிதத்தையாவது கொண்டுபோனால் மனுஷன் இளகுவார் என்று நினைத்தேன். பூரணியின் மேசை லாச்சியில் அந்த நாற்பது எழுத்து அச்சடித்த துண்டுகள் இருந்தன. அடையாள அட்டையின் போட்டோக் கொப்பியும் இருந்தது. அவளிடம் கேட்காமல் இரண்டையும் எடுத்தேன். கேற்றில் கண்டால் கேள்வி வரும் என்று என் வியாபார மூளை வேலை செய்தது. பொலித்தீன் பையில் சுற்றி, மூன்றாவது முட்டைத் தட்டுக்குக் கீழே வைத்தேன். பதினொரு வருஷமாக என் முட்டையை எவரும் தூக்கிப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ஒரு முட்டை உடைந்து வடிந்திருந்தது. காவலுக்கு நின்ற பொடியன் நல்ல மனதோடு, நோனா, முட்டை உடைஞ்சு போச்சு என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே தட்டைத் தூக்கினான். பையைக் கண்டான். விரித்தான். நாலு நாலாகப் பத்துக் கூட்டம் எழுத்தும் இலக்கமும். அதோடு ஓர் அடையாள அட்டைக் கொப்பி. இலங்கைத்துறை என்று விலாசம். இந்தக் காலத்தில், இந்தக் கேற்றில், முட்டைக்குக் கீழே!

என் பாஸை வாங்கி மேசையில் குப்புற வைத்தார்கள். அதிகாரி வந்தார். இளம் ஆள், கண்ணாடி போட்டவர். இது என்ன என்று கேட்டார். எஞ்சின் சாமான் நம்பர் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன். உலகம் எங்கும் ஆட்கள் சேர்ந்து கொம்பியூட்டர் புரோகிராம் செய்கிறார்கள், எவரும் காசில்லாமல் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், இந்தப் பிள்ளை அதில் தமிழ் வேலை செய்கிறது என்றேன். யார் சம்பளம் கொடுக்கிறது என்றார். ஒருவரும் இல்லை என்றேன். அவர் சிரித்தார். பரீதா நோனா, நீங்கள் எனக்கு ஒரு தேசிக்காய் சும்மா தந்ததில்லை, காசில்லாமல் வேலை செய்கிற ஆட்களை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். பூரணியின் பெயரைச் சொன்னேன்.

அந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். கடைக்கு டெலிபோன் எடுத்தேன். பூரணி த்ரீவீலரில் வந்து இறங்கியபோதுதான் நான் செய்து வைத்தது என்ன என்று விளங்கியது. என் பாஸ் போனால் நான் கருவாட்டோடு பிழைப்பேன். அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனால், எப்போது வெளியே விடுவார்கள் என்று யாரைக் கேட்பது? அவள் மேசையில் இருந்த துண்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

எந்த ஊர், எப்போது வந்தது, வீட்டில் யார் யார் என்று கேட்டார்கள். அண்ணனைப் பற்றிக் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

பிறகு அதிகாரி, இது யாருக்குப் போகிறதோ அந்த ஆளையும் கொண்டு வாருங்கள் என்றார். கப்பல் கட்டிய நாள் தொட்டு இறங்க அனுமதி கிடைக்காத ரமோனை நேவி ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். அவர் பூரணியைக் கண்டதும் நிலைமை விளங்காமல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். தன் சட்டைப் பையில் இருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அதிலும் அதே நாற்பது. பூரணியும் தன் கைப்பையில் இருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். என் முட்டைத் துண்டோடு மூன்று.

இரகசியச் செய்தி என்றால் மூன்றும் ஒன்றாக இருக்காது, எங்கோ ஓரிடத்தில் மாறும் என்று அதிகாரிக்கு ஒரு கணக்கு. சிக்னல் வேலை பார்க்கிற ஆளைக் கூப்பிட்டு முட்டைத் துண்டை வாசிக்கச் சொன்னார். ரமோனைத் தன் காகிதத்தையும் பூரணியைத் தன் காகிதத்தையும் பார்க்கச் சொன்னார். சிக்னல்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் சொல்லி, கப்பலுக்குக் கப்பல் கூப்பிடுகிற பாஷையில் தொடங்கினார். ஃபைவ், டெல்ட்டா, நைன், எக்கோ. ரமோன் காதில் இருந்த பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரி போட்டார். ஆல்ஃபா, ஆல்ஃபா, ஸீரோ, சார்லி. அதிகாரி பூரணியின் தோளுக்கு மேலால் குனிந்து அவள் காகிதத்தில் விரலை ஓட்டினார். கேற்றில் நின்ற லொறிக்காரர் ஹோர்ன் அடிப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். தம்பி, நாற்பதும் வாசித்து முடிய ஓர் எழுத்துப் பிசகவில்லை. கடைசி எழுத்து ஃபொக்ஸ்ட்ரொட். அதை அந்த மனுஷன் கொஞ்சம் இழுத்தே சொன்னார்.

சரி, இது என்ன சொல்கிறது என்று அதிகாரி ரமோனைக் கேட்டார். வேறொன்றும் இல்லை சேர், இவ இவதான் என்று சொல்கிறது என்றார் ரமோன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் இந்தக் கேற்றில் நாள் முழுக்க எல்லாரிடமும் அதைத்தான் கேட்கிறேன் என்றார்.

ரமோன் மெதுவாக, சேர், அந்த அடையாள அட்டையை நானும் ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டார். அதிகாரி தன் கையாலேயே எடுத்து நீட்டினார். ரமோன் அட்டையைப் பார்த்தார், பூரணியைப் பார்த்தார், காகிதத்தின் அடியில் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தார். உங்கள் கூட்டத்தில் ஒருவர் பார்த்தால் போதும். எங்கள் பிள்ளையை ஒரு கடற்படையே பார்த்துச் சரி சொன்னது.

பாஸைத் திருப்பித் தந்தார்கள். முட்டையையும் தந்தார்கள். இனி எதுவானாலும் மேலே வைத்துக் கொண்டு வாருங்கள் என்று எச்சரிக்கை. அடுத்த நாள் ரமோன், கொம்பியூட்டருக்குள் செய்ய வேண்டியதையும் செய்து ஒரு பென் டிரைவில் தந்தார். கேற்றில் நானே முதலில் அதை எடுத்து மேசையில் வைத்தேன். அதிகாரி புத்தகத்தில் பதிந்துவிட்டு, ஏன் நோனா, இண்டைக்கு முட்டைக்குள்ள இடமில்லையா என்று கேட்டார்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் பூரணி ஒன்றே ஒன்று சொன்னாள். என்னைக் கேட்டிருந்தால் நானே வந்திருப்பன் ராத்தா, என்ர பேரைக் கொண்டுபோய் முட்டைக்குக் கீழ வைச்சிட்டீங்கள் என்றாள். சரிதான். மன்னிப்புக் கேட்டேன். நான் மன்னிப்புக் கேட்பதை இந்த ஊரில் பார்த்தவர்கள் குறைவு. காணாத ஆளுக்கு வைக்க ஏலாது என்று நீங்கள் எழுதியதற்கும் இப்போது கோபம் இல்லை. மேசையின் இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும் நின்றபோதுதான் அதன் அருமை விளங்கியது.

நீங்கள் விட்டுப்போன சைக்கிளுக்கு மாதம் ஒருக்கால் காற்றடித்து வைக்கிறேன். முன் சக்கரத்து டியூப் மாற்றினேன். விற்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். நல்ல விலைக்கு ஆள் வரவில்லை.

கேட்பது ஒன்றுதான். பூரணிக்குக் கையெழுத்து வந்துவிட்டது, இனி என் பாரம் இறங்கியது என்று கதவைச் சாத்திவிட வேண்டாம். புதிதாய்க் கடை போட்ட ஆளுக்கு முதல் வருஷம் பழைய வியாபாரி ஒருவர் பின்னால் நிற்க வேணும். உங்களுக்குக் களைப்பு என்று தெரியும். சந்தையில் குண்டு வெடித்த அந்தச் சித்திரையில் நீங்கள் அங்கிருந்து வந்து என் படியில் இருந்த இருப்பு எனக்கு மறக்காது, இந்தப் பக்கத்தோடு ஒரு நூல் தொடர்பும் வேண்டாம் என்று ஏன் நினைக்கிறீர்கள் என்றும் தெரியும். ஆனாலும் யோசியுங்கள். அல்லாஹ் உங்கள் கைக்கும் கண்ணுக்கும் பலம் தரட்டும்.

உங்கள் ராத்தா,
சித்தி பரீதா

---

திருகோணமலை,
17.02.2008

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலு பக்கம்! நாலு வரி எழுதுகிற ஆளுக்கு என்ன நடந்தது என்று கவரைத் திருப்பி விலாசம் பார்த்தேன். ஃபொக்ஸ்ட்ரொட் என்ற இடத்தில் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் சத்தமாய்ச் சிரித்துவிட்டீர்கள், பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள் என்று எழுதியதைப் பூரணிக்கு வாசித்துக் காட்டினேன். மனுஷன்தான் போல என்றாள்.

ஜனவரி கடைசியில் அவளை உறுப்பினராக ஏற்ற செய்தி வந்தது. நீங்கள் எனக்கு முன்னமே அறிந்திருப்பீர்கள். அவள் தன் பெயரில் முதல் தரம் ஏற்றியபோது கடையில் நானும் ஆமினா உம்மாவும் மட்டும். பெரிதாக ஏதோ நடக்கும் என்று நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வரி வந்தது, நின்றது. இவ்வளவுதானா என்றா ஆமினா உம்மா. இவ்வளவுதான் உம்மா என்றாள் பூரணி. கண் கலங்கியிருந்தாள். நான் பார்க்காத மாதிரிப் போய்க் கருவாட்டைப் புரட்டினேன். பொதி வெளியீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எட்டு வரியும் டோஹாவுக்குப் போகிறது.

புதிதாய் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் கிண்ணியாவில் இருந்து பாதைப் படகேறி வருகிற லைலா ரீச்சர். மற்றவர் படம் வரைகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தம்பிராசா, அறுபத்தொரு வயது, மௌசைத் தராசுத் தட்டுப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறார். இருவருக்கும் பூரணிதான் பொறுப்பு. லைலா ரீச்சர் தன் முதல் திருத்தத்தை அனுப்பினா. பூரணி ஒரு வரியில் பதில் தட்டினாள். இது பொருந்தவில்லை, திரும்பச் செய்யவும். நான் பின்னால் நின்றேன். அடி பூரணி, நீ ஆரட்டப் படிச்சனி எண்டு இப்பத்தான் தெரியுது, அழி அதை என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தாள். உங்களைக் குருவாகக் கொண்டதன் விளைவு இது. அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேணும்.

நீங்கள் மாதா மாதம் இன்டர்நெட் பில்லை அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். இந்தக் கடையில் காசு கொடுத்து நன்றி சொல்கிற வழக்கத்தை நான் வைக்கவில்லை. அதிகாரி சொன்னது போல், காசில்லாமல் வேலை செய்கிற ஆட்களை நானும் பிடித்துவிட்டேன், அவர்களில் ஒருத்தி நானே என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. போன கிழமை அவருக்கு ஐந்து தேசிக்காய் சும்மா கொடுத்தேன். என்ன நோனா, சுகமில்லையா என்று கேட்டார்.

நிலைமை முன்போலத்தான். சில நாள் நல்லது, சில நாள் கடையை நேரத்தோடு பூட்டுகிறோம். பூரணியின் அண்ணனைப் பற்றி இன்னும் ஒன்றும் இல்லை. விண்ணப்பத்தை மாதம் ஒருக்கால் புதிதாய்த் தட்டி அனுப்புகிறாள். பெயர் இப்போது அழியாமல் நிற்கிறது.

இனி, நாங்கள் டெலிபோனில் பேசி முடித்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் மாற்றிச் சொல்லக்கூடாது. இந்த வருஷம் முழுக்க நீங்கள் பூரணிக்குப் பின்னால் நிற்கிறீர்கள். புதியவர்கள் அனுப்புகிற எதற்கும் பத்து நாளுக்குள் பதில், அதன் முதல் வரியில் நல்லதாக ஒன்று, அது ஐஸைப் பற்றியதாக இருந்தாலும் சரி. பூரணி வருஷத்துக்கு இரண்டு பேருக்கு மேல் எடுக்கமாட்டாள், எடுத்தவர்களைக் கைவிடவும் மாட்டாள். மேல் அறையும், நாலு மெஷினில் இவர்களுக்கென்று ஒதுக்கிய இரண்டும், கரண்டும் என்னுடையது, வாடகை கிடையாது. இதெல்லாம் நீங்களும் ஓம் என்றது.

காசுக்குப் பதிலாக நான் அப்போது கேட்ட விலைக்கும் ஓம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பக்கத்தில் முடிந்தால் என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறீர்கள். அதை நான் பேனையால் வெட்டிவிட்டேன். பாதை திறந்து, பயமில்லாமல் வரலாம் என்ற முதல் வருஷமே, அது எந்த வருஷமானாலும், நீங்கள் ஆள் நேரில் வந்து, அடையாள அட்டையை என் மேசையில் வைத்து, பூரணிக்கும் மற்ற இருவருக்கும் உங்கள் கையால் கையெழுத்து வைக்க வேண்டும். நாற்பது எழுத்தையும் நானே வாசிப்பேன். சைக்கிளை அதுவரை விற்பதில்லை.

உங்கள் ராத்தா,
சித்தி பரீதா